சப்ரஸர் மாட்டினால் ரைஃபிள் எப்படி மாறுகிறது: நியூசிலாந்து மான் வேட்டை அனுபவம்

நியூசிலாந்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் ரைஃபிள் முனையில் பெரும்பாலும் ஒரு தடித்த குழாயைப் பார்க்கலாம். அதுதான் சப்ரஸர். சைலன்சர் என்றும் சொல்வார்கள். சத்தத்தைக் குறைப்பதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள். நானும் அதற்காகத்தான் வாங்கினேன். சில பருவங்கள் அதோடு மலையேறி இறங்கிய பிறகு கேட்டால், அது என் காதுக்குச் செய்ததைவிடத் தோளுக்கும் குறி பார்ப்பதற்கும் செய்த உதவி பெரியது என்பேன். அடர்ந்த காட்டுக்குள் அதே குழாய் கொடுக்கும் தொந்தரவும் சின்னது இல்லை. கடைக்காரர் முதல் பாதியைச் சொல்லுவார். இரண்டாவது பாதி காட்டுக்குள் போனால்தான் தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவிகளும் அங்கே தடைசெய்யப்பட்ட பிரிவில் வருகின்றன. நியூசிலாந்தின் கதை வேறு. இந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட செம்மான்கள் பெருகி, காட்டின் இளஞ்செடிகளை எல்லாம் மேய்ந்து தீர்த்தன. 1930களிலிருந்து அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்து மான்களைச் சுட்டது. இன்று துப்பாக்கி உரிமம் உள்ள யாரும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் இலவச அனுமதிச் சீட்டோடு பொது நிலங்களில் வேட்டையாடலாம். சப்ரஸருக்கென்று தனி உரிமம் இல்லை. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு சப்ரஸரையும் பதிவு செய்து 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. அந்த வரி 2026 ஜனவரியில்தான் பூஜ்யமானது, பதிவு இன்னமும் உண்டு. நாட்டுக்கு நாடு இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் வெலிங்டனை அடுத்த லோயர் ஹட்டில் இருக்கிறேன். தொழில் ஆடியாலஜி, அதாவது செவித்திறன் பரிசோதனை. ஒல்லியான, குள்ளமான உடம்பு. கூட வேலை செய்யும் கீவிப் பெண்மணி (நியூசிலாந்துக்காரர்களைக் கீவி என்பார்கள்) ஒருவர் என்னைத் தராருவா மலைக்கு அழைத்துப் போனதில் தொடங்கியது இந்தப் பழக்கம். அதற்கு முன்பே துப்பாக்கிச் சத்தம் எனக்கு வேலை மேஜையில் அறிமுகம். வயதான விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பரிசோதனைக்கு வந்தால், வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். வலது தோளில் வைத்துச் சுடுகிறவராக இருந்தால் இடது காது கூடுதலாகக் கெட்டிருக்கும். சுடும்போது குழல்வாயின் பக்கம் திரும்பியிருப்பது இடது காதுதான், வலது காது தலையின் நிழலில் தப்பிவிடுகிறது. இதை மறுபடி மறுபடி பார்த்தவள் என்பதால், சப்ரஸர் இல்லாமல் சொந்த ரைஃபிள் வாங்குவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தேன்.

பழகியது என்னவோ அந்தப் பெண்மணியின் பழைய .308 தோட்டா அளவு ரைஃபிளில். அதன் முனையில் எதுவும் கிடையாது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், சுட்டு முடித்து வீட்டுக்கு வந்தால் தோளில் கன்றிப்போன தடம் இருக்கும். பிறகு டிக்கா டி3எக்ஸ் லைட் ஒன்றை அதே .308 அளவில் வாங்கி, 400 கிராம் எடையுள்ள சப்ரஸரை மாட்டிச் சுட்டபோது, இரண்டும் ஒரே தோட்டாவைச் சுடுகின்றன என்று நம்புவதே கஷ்டமாக இருந்தது. ஏன் இப்படி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது எனக்கு நிறையப் புரியவைத்தது.

துப்பாக்கி பின்னால் உதைப்பதற்கு குண்டு மட்டும் காரணம் இல்லை. குண்டுக்குப் பின்னால் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னோக்கிப் பாய்கிறது. 150 கிரெய்ன் குண்டு என்பது 9.7 கிராம், அது நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து 45 கிரெய்ன், ஏறத்தாழ 2.9 கிராம். எடையில் குண்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் குழல்வாய் திறந்ததும் வாயு குண்டையும் முந்திக்கொண்டு வெடித்துப் பாய்கிறது. கணக்கில் குண்டின் வேகத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்கு என்று அதை எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பெருக்கிப் பார்த்தால், ரைஃபிளைப் பின்னுக்குத் தள்ளும் மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வாயுவுடையது.

சப்ரஸர் கைவைப்பது இந்த மூன்றில் ஒரு பங்கில்தான். குண்டை அது தொடுவதே இல்லை, நடுவிலுள்ள துளை வழியாகக் குண்டு போய்விடுகிறது. வாயு மட்டும் உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளில் மோதி, சுழன்று, சூட்டை இழந்து, மெதுவாக வெளியே வருகிறது. குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு என் ரைஃபிள் 3.4 கிலோ. முனையில் ஒன்றும் இல்லாமல் சுட்டால் உதைப்பின் ஆற்றல் சுமார் 23 ஜூல் வருகிறது. சப்ரஸரின் 400 கிராம் எடை கூடியதை மட்டும் கணக்கில் எடுத்தாலே 20, 21 ஜூலுக்கு இறங்குகிறது. வாயுவின் வேகம் பாதியாகக் குறைந்தது என்று சேர்த்துக்கொண்டால் 14 ஜூல். பாதி என்பது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண், சப்ரஸருக்குச் சப்ரஸர் அது மாறும். ஆனாலும் எதனால் எவ்வளவு குறைகிறது என்று இதிலிருந்து ஒரு பிடி கிடைக்கும். எடை கொஞ்சம் உதவுகிறது, வாயுவை அடக்குவது நிறைய உதவுகிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். குண்டின் எடையோடு ஒப்பிட்டால் மருந்து எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குச் சப்ரஸரின் உதவியும் தோளில் தெரியும். .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டா சுடுகிறவர்கள் சப்ரஸரைக் கழற்றவே மனம் வராமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். முயல் சுடும் .22 ரிம்ஃபயரில் மருந்து துளிதான், உதைப்பும் துளிதான். அதில் மாட்டுவது முழுக்கச் சத்தத்துக்காக.

உதைப்பின் அளவு போலவே அதன் குணமும் மாறுகிறது. வெறும் குழலில் சுட்டால் ஒரே வெட்டாகத் தோளில் அடிக்கும். சப்ரஸரோடு சுட்டால் அது நீண்ட தள்ளலாக வரும். வாயு ஒரே நொடிப்பில் வெளியேறாமல் நேரம் எடுத்துக்கொண்டு வெளியேறுவதால் உச்ச அடி தணிந்துவிடுகிறது. குழல்வாய் மேலே துள்ளுவதும் குறைகிறது. முனையில் கனம் இருப்பதால் அதைத் தூக்கி எறிவது கஷ்டம். சுட்ட பிறகு ரைஃபிள் ஏறக்குறைய குறி பார்த்த இடத்திலேயே இருக்கும்.

இது ஒரு பக்கம். என் தொழில் காரணமாக எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது அடுத்த பக்கம்தான். நாம் "உதைக்கிறது" என்று சொல்வதில் சத்தத்துக்கும் பங்கு உண்டு. இதைச் சோதித்துப் பார்க்க சப்ரஸரே தேவையில்லை. வெறும் குழல் ரைஃபிளை ஒருமுறை மேல்காது மூடி மட்டும் போட்டுச் சுடுங்கள். அப்புறம் காதுக்குள் நுரை அடைப்பானும் அதற்குமேல் மூடியுமாக இரண்டும் போட்டுக்கொண்டு அதே தோட்டாவைச் சுடுங்கள். இரண்டாவது தடவை உதைப்பே குறைந்ததுபோல் இருக்கும். தோளுக்கு வந்த அடி ஒன்றுதான். ஆனால் திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தானாகவே தோளைச் சுருக்கி, கண்ணை மூடி, கழுத்தை இறுக்குகிறது. அதுவும் உதைப்பின் கணக்கிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. முகத்தில் வந்து மோதும் காற்றலையும் அதோடு சேரும். சப்ரஸர் உதைப்பு, சத்தம், காற்றலை மூன்றையும் ஒரே சமயத்தில் குறைக்கிறது. கணக்கில் கிடைக்கும் குறைவைவிட உடம்பு உணரும் குறைவு பெரிதாக இருப்பது இதனால்தான்.

புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு இதன் பலன் எவ்வளவு பெரியது என்பதை என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தபோது பார்த்தேன். அவர் ஆறடி, உடம்பில் பலம் உண்டு. ஆனால் வெறும் குழல் ரைஃபிளில் சில தோட்டாக்கள் சுட்டதுமே, விசையை அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்பே உடம்பு முந்திக்கொள்ள ஆரம்பித்தது. கீவிகள் இதை ஃப்ளிஞ்ச் என்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மித் தோட்டாவை, சுடுகிறவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போட்டுக் கொடுக்க வேண்டும். டம்மி வரும்போது குழல்வாய் சட்டென்று கீழே குத்தினால் அதுதான் ஃப்ளிஞ்ச். "நீ என்னமோ பண்ணிட்ட, துப்பாக்கி வெடிக்கலையே" என்றார் அவர். அதற்குள் குழல்வாய் குத்தி எழுந்ததை நான் பார்த்துவிட்டேன். சப்ரஸர் மாட்டிய ரைஃபிளுக்கு மாற்றி, வீட்டில் வெற்று ரைஃபிளை வைத்து விசை அழுத்தும் பயிற்சியும் செய்தபின் அது மெல்ல மெல்ல மறைந்தது. பலம் உள்ளவருக்கு உதைப்பு ஒன்றும் செய்யாது என்ற பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன். ஃப்ளிஞ்ச் நரம்பில் வருவது, தசையைக் கேட்டு வருவதில்லை.

உங்கள் வீட்டில் மகனோ மகளோ பழகப்போகிறார்கள் என்றால், இங்கே 16 வயதில் உரிமம் பெறலாம், முதல் தோட்டாவே சப்ரஸர் மாட்டிய ரைஃபிளில் இருக்கட்டும். சத்தத்துக்குப் பயந்த உடம்பை மறுபடி சமாதானப்படுத்துவது, முதலிலேயே பயமுறுத்தாமல் இருப்பதைவிட ரொம்ப நாள் எடுக்கும் வேலை.

உதைப்பைக் குறைக்க மஸில் பிரேக் என்ற இன்னொரு கருவியும் உண்டு. முனையில் பக்கவாட்டில் துளைகள் போட்ட சிறிய துண்டு. வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பி விடுவதால், உதைப்பைக் குறைப்பதில் நல்ல பிரேக் சப்ரஸரையும் மிஞ்சும். எடையும் மிகக் குறைவு. ஆனால் சத்தம் முழுவதும் சுடுகிறவர் பக்கமும் அருகில் இருப்பவர் பக்கமும் திரும்புகிறது. ரேஞ்சில் பக்கத்து மேஜையில் பிரேக் மாட்டிய மேக்னம் ரைஃபிள் சுட்டால், நான் என் தோட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். நெஞ்சில் வந்து மோதும் அந்த அலைக்கு நடுவே ஒழுங்காகக் குறி வைக்க முடியாது. கூட வரும் துணைக்கும் வேட்டை நாய்க்கும் காது இருக்கிறது. காது பார்க்கும் தொழிலில் இருப்பவளாக, வேட்டைக்குப் பிரேக் மட்டும் மாட்டிக்கொண்டு போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் குழல் .308இன் உச்சச் சத்தம் 165 டெசிபெல் பக்கம் வரும். சப்ரஸர்கள் 20 முதல் 30 டெசிபெல் வரை குறைக்கும். மிச்சம் 140ஐ ஒட்டி நிற்கும். நியூசிலாந்துத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளில் உச்சச் சத்தத்துக்கான எல்லையே 140 டெசிபெல்தான். அதாவது மாட்டிய பிறகும் நீங்கள் எல்லைக்கோட்டில்தான் நிற்கிறீர்கள். குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் காற்றில் எழும் வெடிப்பொலியைச் சப்ரஸரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மின்னணுக் காது மூடியையும் நான் விடுவதில்லை. அது மெல்லிய சத்தங்களைப் பெருக்கித் தரும், சுடும்போது அடைத்துக்கொள்ளும். மான் கிளையை முறிக்கும் சத்தம்கூட நன்றாகவே கேட்கும்.

உதைப்பு குறைந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், சுட்டதை என் கண்ணாலேயே பார்க்க முடிவது. வெறும் குழலில் சுட்டால் ஸ்கோப்பில் ஆகாயம் தெரியும், பிறகு புல் தெரியும், அதற்குள் மான் இருந்த இடம் காலியாகிவிடும். பட்டதா, எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடியது என்று துணையிடம் கேட்க வேண்டும். சப்ரஸரோடு சுடும்போது மான் ஸ்கோப் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். உடல் எப்படிக் குலுங்கியது, எந்தக் கால் தடுமாறியது எல்லாம் தெரியும். காயத்தோடு ஓடும் விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது வேட்டைக்காரரின் கடமை. அதற்கு இந்தத் தகவல்தான் முதல் துப்பு. இரண்டாவது தோட்டா தேவைப்பட்டாலும் உடனே சுடலாம். விலங்கு வீணாக வதைபடாமல் இருக்க இது செய்யும் உதவிக்காகவே எவ்வளவு எடையையும் சுமக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சரி, எடைக்கு வருவோம். 400 கிராம் என்பது பையில் போட்டால் ஒன்றுமில்லை. குழலின் நுனியில் தொங்கினால் முழு ரைஃபிளின் நடுநிலையையும் அது மாற்றிவிடுகிறது. தோட்டாக்கள் இருக்கும் மகசீன் பக்கம் இருந்த சமநிலைப் புள்ளி முன்னால் நகர்கிறது. நின்றுகொண்டு நீட்டிப் பிடித்தால், நுனியில் கனம் கட்டிய துரட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு அந்தக் கனம் நல்லது, முனை நடுங்காமல் நிற்கும். மான் நகருமா நகராதா என்று காத்திருக்க நேர்ந்தால் இடது கை தளர ஆரம்பிக்கும். என்னைப்போல் சின்ன உடம்புக்காரர்களுக்கு இது சீக்கிரமே வந்துவிடும். நின்று சுடுவதை நான் அனேகமாக விட்டுவிட்டேன். உட்கார்ந்து முழங்காலில் ஊன்றியோ, முதுகுப்பையைக் கீழே வைத்து அதன்மேல் தாங்கியோதான் சுடுகிறேன்.

தாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பையின்மேல் இருக்க வேண்டியது ரைஃபிளின் முன்கட்டை. நீளமான சப்ரஸர் தானாகவே பையின்மேலோ பாறையின்மேலோ படிந்துவிடப் பார்க்கும். அப்படிப் படிந்தால் குழல் வளைந்து அழுத்தப்பட்டு, குண்டு வேறிடத்தில் விழும்.

நீளம்தான் காட்டுக்குள் உண்மையான தலைவலி. தராருவா, ரெமுடாக்கா மலைகளின் காடு திறந்த வெளி இல்லை. சப்பிள்ஜாக் என்கிற கொடி, கறுத்த கம்பிபோல் மரத்துக்கு மரம் பின்னிக் கிடக்கும். வாரில் மாட்டித் தோளில் தொங்கவிட்டால், 18 சென்டிமீட்டர் கூடுதல் நீளம் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கொடியிலும் சிக்கும். குனிந்து நுழைந்தால் பின்னாலிருந்து இழுக்கும். அந்த இழுப்பில் சமநிலை தவறி, ஓடைக்கரையில் சறுக்குவது நிஜமான ஆபத்து. கையில் பிடித்து நடப்பதே மேல். அப்போதும் முனை முன்பைவிட ஒரு சாணுக்குக் கிட்ட நீண்டிருக்கிறது என்பதைக் கை மறக்கக் கூடாது. முன்னால் நடக்கும் துணையின் பக்கம் முனை போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டுத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழில் இரண்டாவது, முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும் என்பது. சுடத் தயாராகும் வரை துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் தோட்டா ஏற்றக் கூடாது என்பது மூன்றாவது. இந்த இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் கொடிக் காட்டில் நிம்மதியாக நடக்கலாம்.

நீளத்துக்குத் தீர்வு இரண்டு. ஒன்று, குழலின்மேல் பின்னோக்கி ஏறி உட்காரும் வகைச் சப்ரஸர். இதில் கனஅளவின் ஒரு பகுதி குழலைச் சுற்றிப் பின்னால் வருவதால், முனைக்கு முன்னால் நீட்டுவது 10 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். கனமும் கொஞ்சம் பின்னால் வருவதால் கையில் சமநிலை நன்றாக இருக்கும். இரண்டாவது, குழலையே வெட்டிக் குறைப்பது. 22 அங்குலக் குழலை 18 அல்லது 16 அங்குலத்துக்கு வெட்டி, சப்ரஸரைத் திருக மரை போடுவது இங்கே துப்பாக்கிக் கம்மியர்களுக்கு அன்றாட வேலை. .308இல் ஒரு அங்குலத்துக்கு நொடிக்கு 7, 8 மீட்டர் வேகம் குறையும். காட்டுக்குள் 100 மீட்டருக்குள் சுடுகிற எனக்கு அது ஒரு இழப்பே இல்லை. வெறுமனே குழலைக் குட்டையாக்கினால் வாயு இன்னும் அழுத்தத்தோடு வெளியேறி, சத்தமும் காற்றலையும் தாங்க முடியாததாகிவிடும். சப்ரஸர் இருப்பதால்தான் குட்டைக் குழல் சாத்தியமாகிறது. என் ரைஃபிளை 18 அங்குலத்துக்கு வெட்டிய பிறகு, சப்ரஸரோடு சேர்த்த நீளம் பழைய வெறும் குழல் நீளத்தைவிட ஏழெட்டு சென்டிமீட்டர்தான் அதிகம். எனக்கு இதைவிடப் பிரயோசனமான மாற்றம் வேறு இல்லை. மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் நியூசிலாந்துச் சட்டத்தில் அது பிஸ்டலாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் சாதாரண போல்ட் ரைஃபிளில் அந்த எல்லைக்கு வர நிறைய வெட்ட வேண்டும்.

தென் தீவின் உயர்மலைகளில் இந்தக் கவலை எதுவும் இல்லை. அங்கே புல்வெளியும் பாறையும்தான். 1904இல் அவோராக்கி மலைப் பக்கம் கொண்டுவந்து விடப்பட்ட இமாலயத் தார் ஆடுகள் அங்கே மேய்கின்றன. தமிழ்நாட்டின் மாநில விலங்கான நம் வரையாட்டைப் போன்றே தோற்றம் கொண்ட விலங்கு, முதலில் பார்த்தபோது மனம் என்னவோ செய்தது. அங்கே தூரம் அதிகம், படுத்துக்கொண்டு சுடுவார்கள், நீண்ட கனமான சப்ரஸரே நல்லது. எங்கே வேட்டையாடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துவிட்டுச் சப்ரஸரைத் தேர்ந்தெடுங்கள். கடையில் அதிகச் சத்தம் குறைப்பது எது என்று கேட்டு வாங்கினால், கொடிக் காட்டில் அதைச் சுமந்து திண்டாட வேண்டியிருக்கும்.

மாட்டினாலும் கழற்றினாலும் குண்டு விழும் இடம் மாறும். குழல் சுடும்போது அதிர்கிறது. நுனியில் கனம் கூடினால் அந்த அதிர்வு மாறுகிறது. என் ரைஃபிளில் 100 மீட்டரில் நாலு விரற்கடை வித்தியாசம். வேறு ரைஃபிளில் வேறு திசையில், வேறு அளவில் இருக்கும். நல்ல விஷயம் என்னவென்றால், மரை ஒழுங்காக இருந்தால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். எந்த நிலையில் வேட்டையாடுவீர்களோ அந்த நிலையில் ஜீரோ செய்யுங்கள், அதாவது குறி பார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். நான் கழற்றிய நிலையில் சுடுவதே இல்லை.

மரை விஷயத்தில் விளையாடக் கூடாது. குழல் மரையில் 14x1 மில்லிமீட்டர், 5/8-24 அங்குலம் என்று பல அளவுகள் உண்டு. கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று திருகிவிட்டால் சப்ரஸர் கோணலாக உட்காரும், குண்டு உள்தகட்டில் உரசும். அப்படி உரசினால் சப்ரஸர் கிழிந்து பறக்கலாம். சரியாகப் போட்ட மரையும் சுடச்சுடத் தளரும். அதனால் நடை நடுவே, தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் ஒருமுறை இறுக்கிப் பார்க்கிறேன். முனை சேற்றிலோ பனியிலோ குத்திவிட்டாலும் இதே வேலைதான். கழற்றி, உள்ளே பார்த்து, துடைத்த பிறகே தோட்டா ஏற்றுவது.

ரேஞ்சில் தொடர்ந்து சுட்டால் சூடு தொந்தரவு செய்யும். சப்ரஸரிலிருந்து எழும் வெப்பம் ஸ்கோப்புக்கு முன்னால் அலையடித்து, குறிப்பலகை நீருக்கடியில் கிடப்பதாகத் தெரியும். உறை போட்டால் கொஞ்சம் குறையும். ஆனால் துணி உறையே உருகும் அளவுக்குச் சூடாகக்கூடியது அது, வெறும் கையால் தொடக் கூடாது. ஜீரோ செய்யும்போது மூன்று தோட்டா சுட்டுவிட்டு ஆறவிடுங்கள். வேட்டையில் ஒன்று இரண்டு தோட்டாதான் என்பதால் அங்கே இந்தப் பிரச்சினை வராது.

இவ்வளவும் போல்ட் ரைஃபிளுக்குப் பொருந்தும். 2019க்குப் பிறகு இங்கே அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தடைசெய்யப்பட்டுவிட்டதால் நாங்கள் எல்லோரும் போல்ட்தான். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாயுவால் இயங்கும் செமி ஆட்டோமேட்டிக்கில் சப்ரஸர் வாயுவைத் தேக்கி வைப்பதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. போல்ட் வேகமாகப் பின்னால் அடிக்கும், வாயு முகத்தில் வந்து கண் எரியும். அங்கே உதைப்பு குறைவதற்குப் பதில் கரடுமுரடாக மாறலாம். வாயுவின் அளவைச் சரிசெய்யும் வால்வு தேவைப்படும். குழல் சாய்ந்து இயங்கும் பிஸ்டலில் இன்னொரு சிக்கல், நுனியில் கனம் ஏறினால் துப்பாக்கி அடுத்த தோட்டாவை ஏற்றவே திணறும். நீல்சன் டிவைஸ் என்கிற ஸ்பிரிங் அமைப்பு வைத்த சப்ரஸர்தான் அதற்குச் சரி.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலையைப் பலரும் தள்ளிப்போடுவார்கள். சுட்ட சப்ரஸருக்குள் கரியும் ஈரமும் சேர்ந்திருக்கும். அதை மாட்டியபடியே ரைஃபிளைப் பெட்டியில் நிறுத்தினால் அந்த ஈரம் குழலுக்குள் இறங்கி, குழல்வாயிலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். துல்லியம் முழுவதும் அந்த விளிம்பை நம்பித்தான் இருக்கிறது. வெலிங்டன் காற்றில் உப்பு வேறு. காரை நிறுத்திய உடனே கழற்றி, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துவிடுங்கள். குழலுக்குள் எண்ணெய்த் துணி ஒருமுறை ஓடட்டும். மரையில் மெல்லிய கிரீஸ், அதன்மேல் மரையைக் காக்கும் மூடி. அடுத்த பயணத்துக்கு முன் எண்ணெயைத் துடைத்து எடுத்து, சப்ரஸரை மாட்டி, ரேஞ்சில் ஒரு தோட்டா சுட்டு ஜீரோ நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.